மலைக்குப் போனால் மலைச் சோறு



'மீனம்பாக்கத்தில் இன்று 41 டிகிரி' என்று டி.வி. சொல்லி முடிப்பதற்குள் நம் வீடுகளில் கேள்வி கிளம்பிவிடும். "ஊட்டியா, கொடைக்கானலா?"

அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? ஒருவர் டிக்கெட்டுக்காக போனும் கையுமாக உட்கார்வார். ஒருவர் ரூம் பார்ப்பார். பிள்ளைகள் போட்டிங், குதிரை சவாரி என்று கணக்குப் போடுவார்கள். அம்மாவுக்கு மட்டும் வேறு கவலை. வழிக்கு என்ன கட்டுவது? மேலே போய் எங்கே சாப்பிடுவது?

விடுமுறைக் காலத்தில் இரவு பத்து மணி வாக்கில் தாம்பரம் ஸ்டேஷனில் பாண்டியன் எக்ஸ்பிரஸுக்காக நிற்கிற கூட்டத்தைக் கவனித்திருக்கிறீர்களா? மதுரை வரை போகிறவர்கள் யார், கோடை ரோடில் இறங்கி மலை ஏறப் போகிறவர்கள் யார் என்பதைக் கையில் மடித்து வைத்திருக்கும் ஸ்வெட்டரே சொல்லிவிடும். இன்னொரு பையில் எவர்சில்வர் டப்பாக்கள். புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, தயிர் சாதம், மாவடு. எதிர் சீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான் கட்டியிருப்பார்கள்.

அந்த டப்பாவுக்கு நான் எதிரி இல்லை. ரயிலில் திறக்கிற புளியோதரைக்கு ஈடு எதுவும் கிடையாது. என் சங்கடமெல்லாம் டப்பா காலியான பிறகுதான்.

மேலே போய் இறங்கியதும் என்ன கேட்கிறோம்? ஃப்ரைட் ரைஸ், கோபி மஞ்சூரியன், பட்டர் நான், பன்னீர் பட்டர் மசாலா. குரோம்பேட்டையில் வீட்டு வாசலுக்கே வந்து இறங்குகிற அதே அயிட்டங்களை, ஏழாயிரம் அடி ஏறிப் போய், சீசன் விலை கொடுத்து, டேபிளுக்காக முக்கால் மணி நேரம் நின்று சாப்பிடுகிறோம். திரும்பும்போது ஒரு பாக்கெட் வர்க்கி, கால் கிலோ சாக்லேட், ஒரு பாட்டில் தைலம். 'ஊட்டி பார்த்தாச்சு.'

அந்த மலைகளுக்கென்று ஒரு சமையல் கிடையாதா? இருக்கிறது. நாம் கேட்பதில்லை. கேட்காததால் அவர்கள் போடுவதில்லை. இந்த மாதம் உங்களிடம் பேச நினைத்தது இதைத்தான்.

ஒரு விஷயம் யோசித்துப் பாருங்கள். நாம் மலைக்குப் போகிறோமோ இல்லையோ, மலை நம் வீட்டுக்குத் தினமும் வந்துகொண்டுதான் இருக்கிறது. தாம்பரம் சண்முகம் சாலையில் காலையில் கூடை நிறைய வாங்குகிறோமே, கேரட், பீட்ரூட், பீன்ஸ், முட்டைக்கோஸ், அதில் பெரும்பங்கு நீலகிரியிலும் கொடைக்கானலிலும் விளைந்து கோயம்பேடு வழியாக வருவது. கேரட் கொஞ்சம் வாடியிருந்தால்கூட "ஊட்டி கேரட்டுமா, இனிப்பா இருக்கும்" என்று கடைக்காரர் சத்தியம் செய்வார்.

இந்தக் காய்கள் மலைக்கு வந்து இருநூறு வருஷம் ஆகிறது. 1819-ல் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறிப் போனார். குளிர் பிடித்துப்போய் அங்கேயே வீடு கட்டினார், தோட்டம் போட்டார், ஐரோப்பியக் காய்களைப் பயிரிட்டுப் பார்த்தார். இன்று நாம் மலர்க் கண்காட்சிக்கு முண்டியடிக்கிற ஊட்டி தாவரவியல் பூங்கா இருக்கிறதே, அதன் ஆரம்பமே ஒரு காய்கறித் தோட்டம்தான். 1840-களில் அங்கே குடியிருந்த வெள்ளைக்காரர்கள் மாதம் மூன்று ரூபாய் சந்தா கட்டி, மலிவாகக் காய் கிடைக்கட்டும் என்று ஆரம்பித்தது. 1848-ல் மெக்ஐவர் என்ற தோட்டக்கலைஞர் வந்த பிறகுதான் அது பூங்காவாக உருமாறியது. அபார்ட்மென்ட் வாசிகள் எல்லாரும் சேர்ந்து பணம் போட்டுக் காய் எடுக்கிற வழக்கம் இப்போது நம் மேடவாக்கத்திலும் பெருங்களத்தூரிலும் இருக்கிறதல்லவா? ஊட்டியில் அதை அப்போதே செய்திருக்கிறார்கள்.

ஆனால் கேரட்டும் கோஸும் வருவதற்கு முன்பே அந்த மலையில் மனிதர்கள் இருந்தார்கள், சாப்பிட்டார்கள். தோடர்களுக்கு எருமைதான் எல்லாம். பாலும் மோரும் நெய்யும்தான் அவர்கள் சாப்பாட்டின் அடிப்படை, எருமைப் பால் கறந்து கடைகிற இடமே அவர்களுக்குக் கோயில். குறும்பர்களும் இருளர்களும் தேன் எடுப்பதில் பேர்போனவர்கள். பயிர்த்தொழில் செய்த படுகர்கள் ராகி, சாமை, அவரை என்று பயிரிட்டார்கள்.

படுகர் வீட்டுச் சாப்பாட்டை ஒரு தடவையாவது சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். கோத்தகிரி பக்கத்தில் ஒரு ஹட்டியில் (படுகர் ஊர்களை ஹட்டி என்றுதான் சொல்கிறார்கள்) எனக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது. வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள், எதிரே சரிவு முழுக்கத் தேயிலை. மத்தியானமே ஸ்வெட்டரைக் கழற்ற மனசு வராத குளிர்.

அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. அந்த அம்மா ராகி மாவைக் கொட்டி, கட்டையால் விடாமல் கிளறுகிறார். கை வலிக்காதா என்று கேட்டால் சிரிக்கிறார். மாவு பாத்திரத்தின் ஓரத்தை விட்டுத் திரண்டு வந்ததும் தண்ணீரில் கையை நனைத்து உருட்டித் தட்டில் வைத்து, நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி. குழியில் நெய். இதைத்தான் அவர்கள் ஹிட்டு என்கிறார்கள். பக்கத்தில் அவரை உதக்க. காய்ந்த அவரைக் கொட்டையை முந்தின நாளே ஊறப்போட்டு, உருளைக்கிழங்கோடு வேகவைத்து, வீட்டில் வறுத்து இடித்த மசாலாப் பொடி போட்டுக் கெட்டியாக இறக்கிய குழம்பு. நம் மொச்சைக் குழம்புக்கு ஒன்றுவிட்ட உறவு என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் புளி தெரியவில்லை. கொட்டை வாயில் வெண்ணெயாய்க் கரைகிறது.

"சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க சார், ஆறினா நல்லா இருக்காது" என்றார். உண்மைதான். அந்தக் குளிரில் அந்தச் சூடுதான் பாதி ருசி. விசேஷ நாளென்றால் துப்பதிட்டு பொரிப்பார்களாம். கேட்டதற்காக இரண்டு எடுத்துக் கொடுத்தார். மேலே மொறுமொறு, உள்ளே லேசான இனிப்பு. டீக்கு அதைவிடப் பொருத்தமான ஜோடி அந்த மலையில் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சரிவெல்லாம் தேயிலை ஆகிவிட்டதால் மலையில் ராகி போடுகிறவர்கள் குறைந்துபோனார்கள். இன்று அந்த வீட்டிலும் பெரும்பாலான நாள் அரிசிச் சோறுதான். ஹிட்டுக்கு மாவு கீழேயிருந்துதான் ஏறி வருகிறது. விருந்தாளி கேட்டால்தான் கிளறுகிற பண்டமாக அது ஆகிக்கொண்டிருக்கிறது. நம் வீடுகளில் கேழ்வரகுக் கூழும் அப்படித்தானே ஆகிப்போனது? ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றினால் வரிசையில் நிற்கிறோம், வீட்டில் யார் காய்ச்சுகிறார்கள்?

மலையில் ஏன் இட்லி சரியாக வருவதில்லை என்று கேட்டு ஒரு வாசகி முன்பு எழுதியிருந்தார். இந்த இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை, 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பும் பயறும் வேக அதிக நேரம் பிடிக்கும். குக்கர் இல்லாவிட்டால் பாடுதான். மாவோ குளிரில் பொங்கவே பொங்காது. ஹோட்டல்காரர் என்ன செய்வார் பாவம்? ஆப்ப சோடா போடுவார், இல்லையென்றால் முந்தின நாள் மாவை அடுப்போரம் வைத்துக் காப்பாற்றுவார். தாம்பரத்தில் மே மாதம் நாலு மணி நேரத்தில் பொங்கி வழிகிற மாவை அங்கே எதிர்பார்க்கலாமா?

களியாகக் கிளறுவது, நெய் ஊற்றுவது, ஊறவைத்த கொட்டையை நின்று நிதானமாக வேகவைப்பது, இதெல்லாம் அந்த உயரத்துக்கும் குளிருக்கும் ஏற்றபடி வளர்ந்த சமையல். நாம் அங்கே போய் இட்லி குண்டாக இல்லை, சாம்பார் ஆறிப்போச்சு என்று சர்வரிடம் சண்டை போடுகிறோம்.

வர்க்கியை நாம் சரியாகவே பிடித்துக்கொண்டிருக்கிறோம், அதற்கு நமக்கு ஒரு சபாஷ். ஆனால் அது எப்படி ஆகிறது என்று பார்த்தவர்கள் எத்தனை பேர்? ஊட்டியிலும் குன்னூரிலும் பழைய பேக்கரிகளில் இன்னும் விறகு அடுப்பு இருக்கிறது. ஈஸ்டுக்குப் பதிலாக வாழைப்பழம், ரவை, மைதா, சர்க்கரை சேர்த்துப் புளிக்கவைத்த 'மாவா' என்ற ஒன்றைக் கலப்பார்கள். மாவை மடித்து மடித்துக் கிழித்து, கோணல்மாணலாகத் தட்டில் அடுக்கி அடுப்புக்குள் தள்ளுவார்கள். மாஸ்டர் ஒருவர், "சார், இதே மாவு, இதே ஆளு, கோயமுத்தூர்ல போட்டா இந்த மொறுமொறுப்பு வராது. தண்ணியும் குளிரும் இருக்குல்ல" என்றார். மாஸ்டர் சொன்னால் மறுத்துப் பேசக்கூடாது. நான் சொல்ல வருவது வேறு. பாக்கெட் கட்டி ஊருக்குக் கொண்டுவரும் வர்க்கி, தாம்பரம் காற்றுப் பட்ட மறுநாளே நமத்துவிடும். அடுப்பிலிருந்து இறக்கியதை அங்கேயே, பேக்கரி வாசலில் நின்று, டீயில் தோய்த்துச் சாப்பிடுங்கள். ஊருக்குக் கொஞ்சமாக வாங்கினால் போதும்.

சாக்லேட் விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. 'ஹோம் மேட்' என்று கண்ணாடிப் பெட்டியில் குவித்திருப்பதெல்லாம் ஒரே தரம் இல்லை. கோகோ பட்டர் சேர்ந்ததும் உண்டு, தாவரக் கொழுப்பு சேர்ந்த காம்பவுண்டை உருக்கி அச்சில் ஊற்றியதும் உண்டு. லேபிள் இருந்தால் படியுங்கள், இல்லாவிட்டால் கேளுங்கள். கேட்டால் சொல்லுகிற கடையில் வாங்குங்கள்.

கொடைக்கானல் பக்கம் வந்தால் எனக்குப் பேச்சு நிற்காது. காரணம் பூண்டு.

பிள்ளை பெற்ற வீட்டில் பத்தியச் சமையல் செய்த எந்த மாமியாரையும் கேளுங்கள். "மலைப்பூண்டு வாங்கிட்டு வா, மத்தது வேண்டாம்" என்பார். அந்த மலைப்பூண்டுக்கு, கொடைக்கானல் மலைப்பூண்டு என்ற பெயரிலேயே, 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழனி பஞ்சாமிர்தத்துக்குக் கிடைத்ததும் அதே வருஷம்தான். பூம்பாறை, மன்னவனூர் பக்கம் போனால் படிக்கட்டு மாதிரி வெட்டிய நிலங்களில் பூண்டு நிற்பதைப் பார்க்கலாம். அறுவடை முடிந்ததும் தாளோடு கட்டுக் கட்டாகக் கட்டி, புகை படும்படி பரணில் தொங்கவிடுவார்கள். அப்படிப் பதப்படுத்தினால் ஒரு வருஷம் வரை கெடாது. தோல் பழுப்பேறியிருக்கும், பல் உரித்தால் கண்ணைக் கரிக்கும் காரம்.

பூம்பாறைக்கு எல்லோரும் போகிறோம். வியூ பாயின்ட்டில் நின்று ஊரைப் போட்டோ எடுக்கிறோம், குழந்தை வேலப்பர் கோயிலில் கும்பிடுகிறோம், காரில் ஏறி விடுகிறோம். அந்த ஊரில் சின்ன மெஸ் ஏதாவது கண்ணில் பட்டால் உள்ளே போய், "பூண்டுக் குழம்பு இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் நஷ்டம் ஒன்றுமில்லை, ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். இருந்தால், முழுப் பூண்டு மிதக்கிற அந்தக் குழம்பைச் சுடு சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டால் மத்தியானம் ஏரியில் துடுப்பு போடத் தெம்பு வரும். அப்படியே ஒரு கிலோ பூண்டை விளைவித்தவரிடமே வாங்கிக்கொள்ளுங்கள். அவருக்கும் நல்ல விலை, நமக்கும் கலப்படம் இல்லை.

பழங்களும் அப்படித்தான். மே, ஜூனில் பிளம்ஸ், அதற்குப் பிறகு பேரிக்காயும் பட்டர் ஃப்ரூட்டும். தாண்டிக்குடி, பெரும்பாறை பக்கம் காபித் தோட்டங்களுக்கு நடுவே பட்டர் ஃப்ரூட் மரங்கள் நிற்கும். அங்கே வீடுகளில் அதைப் பாலும் சர்க்கரையும் போட்டுப் பிசைந்து குழந்தைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அதையே நம்மூர் கஃபேயில் ரொட்டி மேல் தடவி, 'அவகாடோ டோஸ்ட்' என்று பில் போடும்போது அதன் விலையை நீங்களே பார்த்திருப்பீர்கள். வழியில் விருப்பாச்சி மலைவாழைப்பழத்தை விட்டுவிடாதீர்கள். 2008-லேயே புவிசார் குறியீடு வாங்கிய பழம். முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் தோட்டமாக அழிந்து, ஆராய்ச்சியாளர்கள் உதவியோடு மெல்ல மீண்டது. தோல் கறுத்திருந்தால் அழுகல் என்று ஒதுக்காதீர்கள், அப்போதுதான் அது நன்றாகப் பழுத்திருக்கிறது.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் மட்டும் போக வேண்டுமென்று யார் சொன்னது? நம் தாம்பரத்திலிருந்து காலையில் காரில் கிளம்பினால் மத்தியானத்துக்குள் ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரில் இருக்கலாம். அங்கே சாமையும் தேனும் விசேஷம். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். (ஏறுவதற்கு முன்னால் புளியோதரை வேண்டாம், அனுபவசாலிகள் சொல்வதைக் கேளுங்கள்.) அங்கே முடவாட்டுக்கால் கிழங்கு சூப் கொடுப்பார்கள். பாறையில் ஒட்டி வளரும் ஒரு வகைப் பெரணியின் கிழங்கு, ரோமத்தோடு பார்க்க ஆட்டுக்கால் போலவே இருக்கும். தோலைச் சீவி, இஞ்சி, மிளகு தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்த சூப். மூட்டு வலி போய்விடும் என்பார்கள். அதை உங்கள் டாக்டரிடம் விட்டுவிடுகிறேன். குளிருக்கு இதமாக இருக்கிறது என்பதற்கு நான் கேரண்டி.

கொல்லிமலைச் சாமையின் கதையைக் கேட்டால் நமக்குக் கொஞ்சம் உறுத்தும். அந்த மலையில் சாமையும் தினையும் ராகியும்தான் ஒரு காலத்தில் சாப்பாடு. சாமையை உரலில் இட்டுக் குத்தி அரிசியாக்குவது பெண்கள் முதுகை ஒடிக்கிற வேலை. இன்னொரு பக்கம் சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளிக் கிழங்கு தேவைப்பட்டது, கையில் காசு வந்தது. சாமை நிலமெல்லாம் மரவள்ளி நிலமானது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே போய் விதையைத் திரட்டி, உமி நீக்கும் இயந்திரங்களைக் கொண்டுபோய் வைத்த பிறகு ஓரளவு திரும்பி வந்தது. மலையில் அவர்கள் சாமையை விட்டுவிட்ட பிறகுதான் நாம் இங்கே சூப்பர் மார்க்கெட்டில் 'மில்லட்' என்று ஸ்டிக்கர் ஒட்டிய பாக்கெட்டைத் தேடி எடுக்க ஆரம்பித்தோம். மலைக்கே போகிறோம், அங்கேயே வாங்கி அங்கேயே ஒரு வேளை சாப்பிட்டால் என்ன?

வெளிநாட்டு மலைகளுக்குப் போனாலும் நம் கதை இதேதான். ரிடையர் ஆனதும் ஐரோப்பா டூர் போய்வருகிற வாசகர்கள் இப்போது நம்மில் நிறையப் பேர். திரும்பி வந்ததும் முதலில் சொல்வது என்ன? "கடைசி நாள் வரைக்கும் சாம்பார், ரசம், தயிர் சாதம் குறையே இல்லை." சுவிட்சர்லாந்தில் யுங்ஃப்ராவ் சிகரத்துக்குப் பக்கத்தில், பனிக்கு நடுவே, 'பாலிவுட்' என்ற பெயரிலேயே ஒரு இந்திய உணவகம் இருக்கிறது. நம்மவர்கள் அவ்வளவு பேர் போகிறார்கள், அவ்வளவு பேரும் சோறு கேட்கிறார்கள்!

குறை சொல்லவில்லை. சைவக்காரர்களுக்கும் வயசானவர்களுக்கும் அது பெரிய நிம்மதி. ஆனால் ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று எட்டிப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். வேகவைத்த உருளைக்கிழங்கின் மேல் நெருப்பில் உருகிய சீஸைச் சுரண்டிப் போடுகிற ராக்லெட். உருளைக்கிழங்கைத் துருவி வாணலியில் அடை மாதிரி சுட்ட ரோஸ்டி. இத்தாலி பக்கத்து ஆல்ப்ஸில் போலெண்டா, மக்காச்சோள மாவைக் கொதிக்கிற தண்ணீரில் கொட்டிக் கட்டையால் கிளறிக் கிளறி இறக்குகிற களி! அமெரிக்காவிலிருந்து மக்காச்சோளம் போய்ச் சேர்வதற்கு முன்னால் அந்தப் பக்கத்தில் தினை மாதிரியான தானியங்களில் இப்படிக் கிளறியிருக்கிறார்கள். கோத்தகிரி அம்மாவும் அந்த இத்தாலியப் பாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கிளறினால் பாஷை தெரியாமலே பேசிக்கொள்வார்கள்.

எல்லா மலையிலும் குளிர் ஒன்று, பசி ஒன்று. வளர்கிற பயிரும் கிட்டத்தட்ட ஒன்று. ஊட்டி மலை ரயிலின் பல்சக்கர முறைகூட சுவிஸ் பொறியாளர் ரோமன் ஆப்ட் கண்டுபிடித்ததுதான், பழைய எஞ்சின்களில் பல அந்த நாட்டு விண்டர்தூரில் செய்து கப்பலேறி வந்தவை. வித்தியாசம் எங்கே என்றால், அவர்கள் தங்கள் மாடு மேய்க்கிறவன் சாப்பாட்டை உலகம் பூராவும் தேடி வந்து சாப்பிடுகிற பண்டமாக மாற்றிக்கொண்டார்கள். நாம் நம் மலைச் சாப்பாட்டை மெனு கார்டிலேயே ஏற்றவில்லை.

அந்த சுவிஸ் சமையலறைகளிலும் நம்மவர் உண்டு. 1983-க்குப் பிறகு அங்கே போய்ச் சேர்ந்த ஈழத்தமிழர்களில் பலருக்கு முதல் வேலை ஹோட்டல் சமையல்கட்டில்தான் கிடைத்தது. ரோஸ்டியை யாழ்ப்பாணத்துக் கை புரட்டிப் போட்டிருக்கிறது. நாம் மட்டும் வெளியே உட்கார்ந்து தயிர் சாதம் கேட்கிறோம்!

சரி, உங்கள் மனசில் ஓடுவது எனக்குக் கேட்கிறது. "குழந்தைங்க களியைத் தொடுமா சார்?"

முதல் உருண்டையைத் தொடாது. வெல்லமும் நெய்யும் வைத்துக் கொடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் போலெண்டா என்று பேர் சொல்லிக் கொடுங்கள், எங்கள் வீட்டில் பலித்தது. மாமனாருக்கு ஒத்துக்குமா? ராத்திரி வேண்டாம், மத்தியானம் பாதி உருண்டை கொடுத்துப் பாருங்கள். ராகி என்பதால் சர்க்கரை நோயாளிகள் இஷ்டத்துக்குச் சாப்பிடலாம் என்றும் அர்த்தமில்லை, களியும் மாவுச்சத்துதான்.

சைவ, அசைவப் பாத்திரக் கவலை இருப்பவர்கள் கூச்சப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மலைக்காரர்கள் கோபித்துக்கொள்வதில்லை. அவரை, கீரை, உருளை, தேன், மோர் என்று சைவத்துக்கு அங்கே பஞ்சமே கிடையாது.

எங்கே கிடைக்கும் என்பதுதான் நிஜமான சிக்கல். ஊட்டி சேரிங் கிராஸில் நின்று அவரை உதக்க எங்கே கிடைக்கும் என்று கேட்டால் நாலு பேர் முழிப்பார்கள். ஊருக்குள் இருக்கும் ஹோம் ஸ்டேயில் தங்கினால் ஒரு நாள் முன்னதாகச் சொல்லுங்கள், பெரும்பாலும் செய்து தருவார்கள். தேன், காட்டுப் பொருட்கள் என்றால் கோத்தகிரியில் கீஸ்டோன் அமைப்பு பழங்குடிகளோடு பல வருஷமாக வேலை செய்கிறது, அங்கே விசாரிக்கலாம். மே மாதம் போகிறவர்கள் ஊட்டி மலர்க் கண்காட்சியோடு நிறுத்தாமல், கோத்தகிரி நேரு பூங்காவில் நடக்கிற காய்கறிக் கண்காட்சியையும் குன்னூர் சிம்ஸ் பார்க் பழக் கண்காட்சியையும் எட்டிப் பாருங்கள். கூட்டமும் கொஞ்சம் குறைவு.

இதெல்லாம் முடியாதென்றால் என்னிடம் ஒரு சுலபமான வழி இருக்கிறது. வாடகைக் கார் டிரைவர் நம்மை வழக்கமான ஹோட்டல் வாசலில் நிறுத்துவார் இல்லையா? இறங்குவதற்கு முன்னால், "அண்ணே, நீங்க எங்க சாப்பிடுவீங்க?" என்று கேளுங்கள். முதலில், "உங்களுக்கு அங்கெல்லாம் சரிப்படாதுங்க" என்பார். இன்னொரு தடவை கேளுங்கள். சந்துக்குள் ஒரு மெஸ், இரண்டே பெஞ்சு, கரும்பலகையில் நாலே அயிட்டம். அங்கே நாம் கொடுக்கிற காசு அந்த மலையிலேயே நிற்கும்.

மூன்று நாள் தங்கினால் ஒன்பது வேளை சாப்பாடு. ஒரே ஒரு வேளையை மலைக்குக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். மீதி எட்டு வேளையும் பட்டர் நான் உங்கள் இஷ்டம்.

கிளம்புகிறவர்களுக்கு இரண்டு நினைவூட்டல். சொந்த வண்டியில் நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ போனால் இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இந்த நடைமுறை. 2025 ஏப்ரலிலிருந்து ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்ற கணக்கும் வந்தது. அதனால் கிளம்புகிற அன்று காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. அடுத்து, பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், கவர், கப் எதுவும் மேலே செல்லாது, சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். வீட்டு எவர்சில்வர் பாட்டிலையே எடுத்துப் போங்கள், நிரப்பிக்கொள்ள வழிநெடுக ஏற்பாடு இருக்கிறது.

இந்த வருஷம் மலைக்குப் போக முடியாதவர்களுக்காக, சமையல் பகுதியில் அவரை உதக்க செய்முறை கொடுத்திருக்கிறோம். மலை அவரைக் கொட்டை கிடைக்காவிட்டால் காய்ந்த மொச்சை போதும், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் தேடிப் பாருங்கள். முந்தின ராத்திரியே ஊறப்போட மறக்க வேண்டாம். நம்மூரில் தண்ணீர் ஒழுங்காக 100 டிகிரியில் கொதிக்கும் என்பதால் சீக்கிரம் வெந்துவிடும்.

போய் வந்தவர்கள் எழுதுங்கள், போட்டோவும் அனுப்புங்கள். ஏரிக்கு முன்னால் வரிசையாக நிற்கிற போட்டோ நம் ஆபீசில் ஏற்கனவே ஒரு பீரோ நிறைய இருக்கிறது. இந்தத் தடவை தட்டை எடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்